அடிக்க ஒருவர், தாங்க ஒருவர்

முதல் வாய் தேநீரை விழுங்கிவிட்டு, விரல் முட்டியால் மேசையை இரண்டு முறை தட்டுகிறார் கப்பல்காரர். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அடுப்படியில் நிற்கும் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காதில் விழுந்தால் போதும். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும். மூன்று என்றால் கதையே வேறு. எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொண்டு வா. கல்யாணமான புதிதில் மூன்று தட்டைக் கேட்டு அந்த அம்மாள் அழுதிருக்கிறார். இப்போதெல்லாம், "காது கேக்குது, மேசையை உடைச்சிடாதீங்க" என்பதோடு சரி.

இந்தப் பாஷை பட்டறையில் பிறந்தது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தோரு வருடம் ரிவிட் அடித்தவர் அவர். அலுமினியத் தகட்டைச் சட்டத்தோடு சேர்த்து ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் சுத்தியலோடு நின்று தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டையை ரிவிட்டின் வாலுக்கு முட்டுக் கொடுத்துத் தாங்குவார். அடிக்கிற அடியில் வால் நசுங்கி, பரந்து, பிடித்துக்கொள்ளும். வெளியே நிற்பவருக்கு அந்த வால் கண்ணில் படாது. சரியாக உட்கார்ந்ததா, கோணிக்கொண்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் உள்ளே இருப்பவர்தான். பட்டறை இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால், தகட்டில் தட்டிச் சொல்வார்கள். ஒன்று, இன்னும் ஓர் அடி. இரண்டு, நன்றாக உட்கார்ந்துவிட்டது. மூன்று, கெட்டுப்போச்சு, துளைத்து எடுத்துவிட்டு வேறு அடி. உள்ளே இருப்பவர் சொன்னால் சொன்னதுதான். மேஸ்திரியே வந்து நின்றாலும் அதை மாற்ற முடியாது.

கப்பல்காரருக்கு உள்ளே இருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. ஒல்லி உடம்பு, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடம் ஜோடியாக வேலை பார்த்தார்கள். உள்ளேயிருந்து மூன்று தட்டு விழுந்தால் கப்பல்காரருக்கு மூக்கு மேல் கோபம் வரும், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், ஆனால் கை பாட்டுக்கு டிரில் மெஷினை எடுத்துவிடும். ஏன் மூன்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கப்பல்காரர் என்பது தெரு வைத்த பெயர். வீட்டுக்குப் பின்னால், துணிக் கொடிக்கும் மதில் சுவருக்கும் நடுவே, பன்னிரண்டு அடி நீள அலுமினியப் படகு ஒன்று வருடக்கணக்காகக் கவிழ்ந்து கிடக்கிறது. மனைவி அதன் முதுகில் தலையணை காயவைப்பார். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் என்று பார்த்தால் தெருக்குழாய்தான். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எதிர்வீட்டுத் தையல்காரர் இவரை எங்கே பார்த்தாலும் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று கேட்காமல் விடமாட்டார். "நீ என் சட்டையைத் தைச்சுக் குடுக்கிற அன்னிக்கு" என்பார் இவர். அந்தச் சட்டைத்துணி தையல்காரரிடம் போய் எட்டு மாதம் ஆகிறது.

கேலிக்கு அது கப்பல். வீட்டுக்குள் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மாமாவும் மச்சானும் சேர்ந்து வாங்கிய படகு அது. ஞாயிற்றுக்கிழமையானால் மச்சான் ஊர்ப்பக்கத்து ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, மச்சானின் எட்டு வயது மகளும் அடம்பிடித்து ஏறிக்கொண்டாள். நடு ஏரியில் காலடியில் தண்ணீர் ஏறியது. இறைக்க இறைக்க ஏறியது. கரை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் படகு அமுங்கிவிட்டது. பிள்ளை இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டாள். மச்சான்தான் அவளைத் தோளில் போட்டு நீந்திக் கரை சேர்த்தார்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரையேறி நின்ற கப்பல்காரரின் நாக்கில் அன்றைக்கு எந்தச் சனியன் வந்து உட்கார்ந்ததோ. முந்தின நாள் மச்சான் தனியாகப் படகை எடுத்துப் போயிருந்தார். அந்தக் கரை முழுக்கக் கல். போதாதா?

"நேத்து கல்லு மேல இழுத்து அடியைக் கிழிச்சிருக்கே. அதுலயே உன் பிள்ளையையும் ஏத்திட்டு வந்திருக்கே. நீயெல்லாம் ஒரு அப்பனா?"

கரைக்கு ஓடிவந்த பிள்ளையின் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் ஒரே ஒரு தடவை சொன்னார்: "இழுக்கல மாமா. கட்டை போட்டு உருட்டித்தான் ஏத்தினேன்." யார் காதிலும் அது ஏறவில்லை. மறுநாளே பட்டறையில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காதான் மாதத்துக்கு ஒரு முறை தனியாக பஸ் ஏறிப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார். கப்பல்காரர் படகைக் கயிறு கட்டி வெளியே எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார். அதன் அடியைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. கல் கிழித்தது என்றுதான் முடிவு கட்டியாயிற்றே, பார்க்க என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு காலையில் மனைவி தேநீரை வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றார். தம்பி வீட்டைக் காலி செய்கிறானாம். மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன ஊருக்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய்விடப் போகிறார்களாம். அடுத்த மாதக் கடைசியில் பயணம். இதைச் சொல்லிவிட்டு, "போறதுக்குள்ள ஒரு தடவை அவன் இந்த வீட்டுல கால் வைக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றார். கப்பல்காரர் அன்றைக்கு மேசையை ஒன்றும் தட்டவில்லை, இரண்டும் தட்டவில்லை.

அவருக்குத் தெரிந்த வழியில் அவர் யோசித்தார். படகு கண்ணில் பட்டால்தானே பழசெல்லாம் ஞாபகம் வரும்? பழைய இரும்புக்காரரை வரச் சொன்னார். அவர் வருவதற்குள் படகுக்கு அடியில் பாம்பு கீம்பு கிடக்கிறதா பார்ப்போம் என்று ஒரு பக்கத்தைத் தூக்கிச் செங்கல் வைத்துவிட்டு உள்ளே ஊர்ந்தார். உச்சி வெயில் நேரம். உள்ளே இருட்டாக இருக்கும் என்று நினைத்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முகம், மார்பு, கை என்று உடம்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்திருந்தது.

கல் கிழித்தால் நீளமாகக் கிழியும், அதுவும் நடு அடியில் கிழியும். இங்கே ஊசி குத்தினாற்போல நூற்றுக்கணக்கில் ஓட்டை. கல் எட்டவே முடியாத பக்கவாட்டிலும் ஓட்டை. அடிப்பக்கத்தில் பூசிய சிவப்புப் பெயின்ட் எதுவரை இருந்ததோ அதுவரை ஓட்டை. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்து நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினார். அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாக மாவு உதிர்ந்தது.

அந்தப் பெயின்ட்டை வாங்கியவர் அவர். பூசியவரும் அவர்தான். பாசி பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கி வந்தார். டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடலாமா என்று மச்சான் அன்றைக்கே கேட்டார். "படிச்சு என்ன, பரீட்சையா எழுதப் போறோம்?" என்று சிரித்தவர் இவர். டப்பா பரணில்தான் இருந்தது. துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மரப் படகுக்கு மட்டும். செம்பு கலந்தது. அலுமினியத்தில் பூசக் கூடாது.

அலுமினியத்துக்குப் பக்கத்தில் செம்பு ஆகாது, ஈரம் பட்டால் அரித்துத் தின்றுவிடும் என்று பட்டறைக்கு வரும் புது ஆட்களுக்கு முதல் நாளே பாடம் எடுத்தவர் இவர். வாசலில் வந்து நின்ற பழைய இரும்புக்காரரைக் கையை ஆட்டித் திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவருக்குப் படகைத் தவிர வேறு நினைப்பில்லை. இரண்டு மர முக்காலிகளின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, பெயின்ட்டை ஊறவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினார். இரும்பு பிரஷ் தொட்டால் தகடு கீறிப்போகும் என்பதால், ஐந்து நாள் வெறும் கரண்டியோடு மல்லுக்கட்டினார். வெந்நீரில் கழுவி, ஓட்டை மொய்த்த இடங்களைச் சாக்பீஸால் வளைத்தார். புதுத் தகட்டில் பெரிதும் சிறிதுமாக ஒட்டுகளை வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவினார். தையல்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. தையல்காரர் பயந்துபோய் அந்த வாரமே சட்டையைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

ரிவிட் அடிக்க இரண்டாவது ஆள் வேண்டுமே. அறுபது வயது மனைவி, முட்டிக்கு ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு படகுக்குள் புகுந்தார். இவர் வெளியே நின்று அடிப்பார். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வரும். அடுத்தது. இரண்டு தட்டு. அடுத்தது. மறுபடி இரண்டு. அறுபத்தைந்து ரிவிட்டும் இரண்டிலேயே முடிந்தன. இந்த வயதிலும் கை தப்பவில்லை என்று கப்பல்காரருக்கு ஒரு நிமிஷம் தலை கால் புரியவில்லை.

பிறகு படகை நிமிர்த்தி, குழாயைச் செருகி உள்ளே தண்ணீர் நிரப்பினார். படகு தண்ணீர் வாங்குமா என்று பார்க்க, முதலில் தண்ணீரை விடுமா என்று பார்ப்பதுதான் முறை. கால் மணி நேரத்தில் பத்தொன்பது ரிவிட்டிலிருந்து சொட்டத் தொடங்கியது. தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே பார்த்தார். பத்தொன்பது வாலும் கோணிக்கொண்டு படுத்திருந்தன.

"இது கோணல்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ரெண்டு தட்டினே?"

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "இந்த வீட்டுல உங்களுக்கு மூணு தட்ட யாருக்குத் தைரியம் இருக்கு? ஒருத்தன் தட்டினான். அவனைத்தான் நீங்க பேசி அனுப்பிட்டீங்க."

கப்பல்காரர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். தோள் இரண்டும் இறங்கிப்போய், பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தி சாயும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை, தையல்காரர் தைத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெயின்ட் டப்பாவை ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மச்சான் வீட்டில் நாற்காலி இல்லை, எல்லாம் கொடுத்தாயிற்று. சுவரெல்லாம் படம் மாட்டியிருந்த தடம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, மச்சான் "வாங்க" என்றார். மாமா என்று சேர்க்கவில்லை. கப்பல்காரர் ஒரு பெட்டியின் மேல் டப்பாவை வைத்து, எழுத்து தெரியும்படி திருப்பினார். சமையலறையிலிருந்த தங்கச்சியும் வந்து கேட்க வேண்டும் என்று சொல்லி, மச்சான் மனைவி வந்து நிற்கும்வரை காத்திருந்தார். அன்றைக்குக் கரையில் பேசியதைக் கேட்டவர் அவர்தானே.

"மச்சான், நீ கல்லுல இழுக்கல. நான் பூசின பெயின்ட்டுதான் தின்னிருக்கு. தப்பு என்னோடது."

மச்சான் டப்பாவை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார். "அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னே."

"அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மாமா. ஒருவேளை இழுத்திருப்பேனோன்னு. பாப்பா முகத்தைப் பார்க்கிறப்போ எல்லாம்..." டப்பாவைத் திருப்பி மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

கப்பல்காரருக்கு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் பாதி மறந்துவிட்டது. "இருபத்திரண்டு வருஷம் நீ தட்டினதை நம்பினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னே, அதை நம்பல" என்றார். பாப்பாவிடமும் தானே பேச வேண்டும் என்று கேட்டு, மச்சான் மனைவி போட்டுக் கொடுத்த போனில், கடலுக்கு அப்பால் இருந்த அந்தப் பெண்ணிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ரிவிட் அடிக்கப் போகிறேன், உள்ளே ஆள் இல்லை என்று வாசலில் நின்று மச்சானிடம் சொல்லிவிட்டு வந்தார். வருகிறேன் என்றும் மச்சான் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டப்பாவை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு வெளிக்கதவு சத்தம் போட்டது. மச்சான் வந்தார். கையில் ஒரு துணிச் சுருள். பிரித்தால், பட்டறையில் அவர் பிடித்த அதே இரும்புக் கட்டை, துரு ஏறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்தது. அக்கா தேநீர் போட ஓடினார். மச்சான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கவிழ்ந்திருந்த படகுக்கு அடியில் தவழ்ந்து போனார். முன்பு போல வேகமாக முடியவில்லை. முட்டி மடங்க நேரம் பிடித்தது.

கோணிய பத்தொன்பதையும் முன்பே துளைத்து எடுத்திருந்த கப்பல்காரர், முதல் ரிவிட்டைத் துளையில் வைத்தார். உள்ளே கட்டை வந்து முட்டுக் கொடுப்பது விரலுக்குத் தெரிந்தது. அடித்தார். சுத்தியல் ஒரு பக்கமாகச் சரிந்தது அவருக்கே தெரியும். நான்கு அடி அடித்துவிட்டு நிறுத்தினார்.

மனைவி இரண்டு டம்ளரோடு கொல்லை வாசற்படியில் நின்றுவிட்டார். படகுக்குள் விரல் தகட்டைத் தடவும் சத்தம். பிறகு ஒரு தட்டு. இரண்டு. அப்பாடா என்று மூச்சு விட்டார் மனைவி. மூன்றாவதும் விழுந்தது.

அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். கப்பல்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். புறங்கையால் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டு, டிரில் மெஷினை எடுத்தார்.