வேர்த்தால் கருப்பட்டி

ஏழு வருஷம் நான் எறும்புகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். என் வீட்டுக்காரரின் வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு சில்லுக் கருப்பட்டி இருக்கும். அதைத் தேடி எறும்பு வரும். துவைக்க எடுத்தால் என் கையைக் கடிக்கும். அதற்காக நான் எறும்பை ஏசியதில்லை, அவரைத்தான் ஏசுவேன். அவர் என் தாய்மாமன் மகன். பாவாடை கட்டின நாளிலிருந்து அவரை ஏசிப் பழகிய வாய், தாலி ஏறியதும் அடங்கிவிடுமா என்ன?

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு நாற்பத்திரண்டு வயதாகும்போது, சர்க்கரை வியாதி என்று கோவில்பட்டி டாக்டர் சொன்னார். காலையில் ஒரு மாத்திரை. சோற்றைக் குறை, கம்பங்கஞ்சியைக்கூட அளவாகக் குடி, இனிப்புப் பக்கம் திரும்பாதே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும், உடம்பெல்லாம் வேர்க்கும், கை நடுங்கும், அப்போது உடனே இனிப்புக் கொடுக்காவிட்டால் உயிருக்கே மோசம் என்று முடித்தார். அவ்வளவையும் தலையாட்டிக் கேட்ட என் வீட்டுக்காரர் மனசில் நின்றது இந்தக் கடைசிப் பேச்சு ஒன்றுதான். வேர்த்தால் இனிப்பு. அன்றைக்கே கடைவீதியில் ஓர் ஓலைக்கொட்டான் கருப்பட்டி வாங்கிக்கொண்டுதான் இடைசெவல் பஸ் ஏறினார்.

முதல் ஐந்து வருஷத்தில் அது இரண்டே தடவைதான் தேவைப்பட்டது. நாற்பத்தேழில் எனக்கு வெக்கை ஆரம்பித்தது.

நெஞ்சுக்குள் அடுப்பைப் பற்றவைத்தது மாதிரி ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, முகம் என்று ஏறும். தலைமயிர் வேரெல்லாம் நனைந்து ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிஷத்தில் அதுவாகப் போய்விடும், பிறகு குளிரும். மார்கழியிலும் வரும். கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு வெயில் என்ன புதுசா? ஆனால் இது வேறு தினுசு. கூடவே எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். பக்கத்தில் யார் இருந்தாலும் தொலைந்தார்கள். பெரும்பாலும் இருப்பது அவர்தான்.

என் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வையைப் பார்த்தால் போதும், அவர் கை மடிப்புக்குப் போய்விடும். கழுகுமலை போகிற பஸ்ஸில், அத்தனை பேர் பார்க்க, கருப்பட்டியைக் கடித்து உடைத்து என் வாயில் போட்டார். எட்டயபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், ஆண்கள் வரிசையிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து ஊட்டினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் பொய் சொல்வானேன், கருப்பட்டி பிடித்துத்தான் இருந்தது. ஐந்து வருஷமாக இனிப்புக்கு ஏங்கிக் கிடந்த நாக்கு. வேண்டாம் வேண்டாம் என்று ஏசிக்கொண்டே வாயைத் திறந்துவிடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை வேர்த்தால் நாலு சில்லு.

அந்த வருஷம் காலில் ஒரு கருவேலமுள் குத்தியது. இரண்டு நாளில் ஆற வேண்டிய புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டர் என் நீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். சர்க்கரை இல்லாவிட்டால் அது நீலமாகவே இருக்கவேண்டும். என்னுடையது செங்கல் நிறத்துக்குப் போனது. திருட்டுத்தனமாக எதையாவது தின்கிறீர்களா என்று கேட்டார். இப்படியே போனால் கால்விரலை எடுக்கவேண்டி வரும், அதோடும் நிற்காது என்றார். கோபத்தில் நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, இவள் ஒரு மிட்டாய்கூடத் தொடுவதில்லை, வேர்க்கும்போது நான் கொடுக்கிற கருப்பட்டி மட்டும்தான் என்று பெருமையாகச் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேர்க்கிறது என்று டாக்டர் கேட்டார். சொன்னோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

நர்ஸம்மா என்னை மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், வீட்டுக்கு விலக்கு வருகிறதா, நின்றுவிட்டதா என்று கேட்டாள். ஒன்றரை வருஷமாக ஒழுங்கில்லை, இப்போது ஏழு மாதமாக இல்லவே இல்லை என்றேன். அதை ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்ல, சர்க்கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவள் சிரித்துவிட்டாள். இது அந்த வயசுக்கு வருகிற வெக்கை, இதற்கு விசிறினால் போதும், இனிப்புக் கூடாது என்றாள். ஆனால் சர்க்கரை இறங்கினாலும் வேர்க்கும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இறங்கினால் உடம்பு குளிர்ந்து ஆள் ஒரு மாதிரி ஆகிவிடும் என்று எச்சரித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இன்னொரு வெக்கை வந்துவிட்டது. அவர் கை பழக்கத்தில் மடிப்புக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"அப்ப இத்தன மாசமா நான்தான் ஒனக்கு வெசத்த ஊட்டிருக்கேன்" என்றார்.

பாவமாக இருந்தது. வாயைத் திறந்தது நானல்லவா என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பனையோலை விசிறி. வண்டியில் விசிறி, களத்தில் விசிறி. எனக்கு வெக்கை என்பது ஊருக்கே தெரிந்துபோனது. மெதுவாக மருந்தின் நிறம் செங்கல்லிலிருந்து மஞ்சளுக்கும் பச்சைக்கும் இறங்கி வந்தது. புண்ணும் ஆறியது. இத்தனைக்கும் பிறகு துவைக்கும்போது ஒருநாள் எறும்பு கடித்தது. மடிப்பில் அதே ஒரு சில்லு. எதற்கு இன்னும் இந்தச் சனியன் என்று ஏசினேன். கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் மாசியில் பருத்தி எடுப்பு. காலையில் மாத்திரையைப் போட்டேன். ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்ற அவசரத்தில் கஞ்சியைக் குடிக்காமல் ஓடிவிட்டேன். பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை, பக்கத்து நிரையில் பருத்தி எடுத்த என் மதினி சொல்லித்தான் தெரியும். உச்சிவெயில் ஏறும்போது செடிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேனாம். தொப்பலாக வேர்த்திருந்ததாம். வெக்கை வந்துவிட்டது, கொஞ்ச நேரம் விடுங்கள், கிட்டப் போனால் கடித்துவிடுவாள் என்று பெண்கள் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்திருக்கிறார்கள். மதினியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

வண்டியில் பருத்தி மிதித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் விசிறியை எடுத்துக்கொண்டு வந்தாராம். வேப்பமர நிழலுக்கு வா என்றிருக்கிறார். நான் அண்ணாந்து பார்த்து, "சரி அத்தான், நீங்க சொன்னா சரிதான்" என்றேனாம்.

அவர் அப்படியே நின்றுவிட்டார் என்றாள் மதினி. முப்பது வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் நான் மறுபேச்சில்லாமல் சரி என்று சொன்னது கிடையாது. அவர் குனிந்து என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, என்னைய ஏசு" என்றிருக்கிறார்.

"எதுக்கு அத்தான்? நீங்க நல்லவியல்லா."

விசிறியை வீசி எறிந்துவிட்டார். மடிப்பை அவிழ்த்துக் கருப்பட்டியைக் கடித்து நொறுக்கி என் கடைவாயில் அடக்கி, தாடையைப் பிடித்துக்கொண்டே முழுங்கு முழுங்கு என்று கத்தினாராம். அப்போதுதான் மற்றவர்கள் ஓடிவந்திருக்கிறார்கள். கை சில்லிட்டுப்போய்க் கிடந்தது என்று மதினி பிற்பாடு சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது கருப்பட்டி ருசிதான். அப்புறம் அவர் முகம், மீசையில் கருப்பட்டித் தூள். அப்புறம் நாக்கில் சுருக்கென்று ஒரு கடி.

"எறும்போட சேத்தா ஊட்டுதீங்க? கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?" என்றேன்.

அவர் கரிசல் மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தார். அத்தனை பெண்களுக்கு முன்னால் தோள்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஏசு, ஏட்டி. நல்லா ஏசு" என்றார்.

வண்டி வீடு போய்ச் சேரும்வரை ஏசிக்கொண்டே வந்தேன்.