அடித்த கை

தோள்வலிக்காக வடசேரிப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மகள் வயதுப் பெண் ஒருத்தி கையுறை மாட்டிக்கொண்டு மணமே இல்லாத களிம்பு ஒன்றைத் தடவிவிடுகிறாள். நேற்று பேச்சுவாக்கில், முப்பது வருஷம் அடிமுறைச் சண்டை பயின்றவனாக்கும் என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டுவிட்டேன்.

"அம்மாடி! யாரயாவது அடிச்சிருக்கியளா சார்?"

"ஒருத்தன அடிச்சிருக்கேன்."

அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். ஏதோ ரவுடி என்று நினைத்திருப்பாள். நான் அடித்தது சூசையை.

சூசை கடற்கரைக்காரன், வலைத்தொழில். நான் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் சைக்கிளை மிதித்து அடிமுறை பழகும் களரிக்குப் போவேன். அவன் மீன் வாடையோடு வருவான், நான் பழைய ஃபைல் வாடையோடு. எண்ணெய் பூசிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே மணம்தான்.

எங்கள் களரியில் ஒரு வழக்கம். யார் அடியால் அடுத்தவனுக்குக் காயமோ, அவன்தான் அது ஆறும்வரை எண்ணெய் போட்டுத் தடவ வேண்டும். அடித்த அதே கையால். நான் சோம்பேறி, அதற்குப் பயந்தே என் அடி மெதுவாக விழும்.

ஒருநாள் ஆபீசர் எல்லோர் முன்னாலும் ஃபைலை என் முகத்துக்கு நேரே வீசினார். குனிந்து பொறுக்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் சூசையின் வலது தோள் என் கைக்கு வாகாக வந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். என் ஆபீசரைப் பற்றி அவனிடம் அடிக்கடி புலம்புவேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"ஏலே மக்கா, நீ அடிச்சது என்னயா, ஒனக்க ஆபீசரயா?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இத்தனை வெட்கமாக இருந்திருக்காது.

மறுநாள் எண்ணெய்க் குப்பியோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மேரி வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, இனி வலய யாரு வலிப்பா?"

உள்ளே போய் எண்ணெயைச் சுடவைத்தேன். ஒன்றரை மாதம், தினமும். எங்கே அடித்தால் ஆள் விழுவான் என்று வருஷக்கணக்காகப் படித்திருந்தேன். எங்கே தொட்டால் நோகும் என்பதை அந்தத் தோளில்தான் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் சரியாகப் போய் நிற்கும்.

அவன் திரும்பவும் வலை இழுத்த அன்று மேரி முழு நெய்மீன் ஒன்றை என் கையில் தந்தாள். சைவ வீட்டுக்குள் அதை எப்படிக் கொண்டுபோவது என்று முழித்தேன். சூசை விழுந்து விழுந்து சிரித்தான். அங்கேயே குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, வழியெல்லாம் வெற்றிலை மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு எத்தனையோ ஆபீசர்கள், எத்தனையோ ஃபைல்கள். கோபத்தோடு களரிக்குள் கால் வைக்கும்போதெல்லாம் சூசை என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு யாரு?" என்பான். சொல்லித் தீர்த்த பிறகுதான் பயிற்சி.

போன வருஷம் சூசை போய்விட்டான். பெட்டியில் வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். என் கை தன்னாலே அந்தத் தோளுக்குப் போய், பழைய இடத்தில் நின்றது. அழுத்திப் பார்த்தேன். நோகிறது என்று அவன் சொல்லவில்லை.

இன்றும் மொட்டைமாடியில் தனியாக அடிமுறைச் சுவடு வைத்துப் பழகுகிறேன். கோபம் வந்தால் காற்றில் ஓங்கி அடிக்கிறேன். யாரை அடித்தாய் என்று கேட்க ஆளில்லை.