ஏழு ஒன்றுகள்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்குக் கொல்லிமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை. புளியஞ்சோலையிலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்தே ஏறினோம். ஏறி முடிப்பதற்குள் அவருக்கு மலை வெறுத்துவிட்டது; எனக்கோ பிடித்துவிட்டது. மாமியார் நினைத்த நேரத்துக்கு வந்து என் குழம்பில் குறை சொல்ல முடியாத உயரம் அது.

மாறுதல் கேட்டு மனு எழுதப்போவதாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. ஒரு மழை நாளில் பேச்சு முற்றி, சமையற்கட்டுச் சுவரில் கரித்துண்டால் ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அதை அதாலேயே பெருக்கினால் ஒன்றிலிருந்து ஏழு வரை ஏறி, மறுபடி ஒன்றுக்கே இறங்கும் என்று போட்டும் காட்டினார். அழகாகத்தான் இருந்தது.

"ஒண்ணையும் இதையும் விட்டா, இதை மீதியில்லாம வகுக்கற நம்பரே கெடையாது. நீ கண்டுபுடிச்சுட்டீன்னா மனு எழுதல, இங்கயே இருந்துக்கலாம்" என்றார்.

நானும் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கை விரும்பிப் படித்தவள்தான். ஆயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று தெரியும். சோறு கொதிக்கும்போதெல்லாம் சுவரில் வகுத்தேன். மூன்றால் வகுத்தால் ஒன்று மிச்சம். ஏழுக்கும் ஒன்று, பதினொன்றுக்கும் ஒன்று, பதின்மூன்றுக்கும் ஒன்று. எரிச்சலாக வந்தது. பதினேழுக்கு எட்டு மிஞ்சியபோது, வேறு ஒரு முகத்தையாவது பார்த்தோமே என்று சந்தோஷப்பட்டேன். அவர் தண்ணீர் குடிக்க வருவார், சுவரைப் பார்ப்பார், சிரித்துக்கொண்டே போவார்.

பொங்கலுக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் கண்டது. பண்டிகைக்குச் சுவர் மெழுகாத வீடு அங்கே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் தானாகவே வந்து, செம்மண் கரைத்துச் சமையற்கட்டு முழுக்க மெழுகிவிட்டாள்.

"செவுரெல்லாம் கரியாக் கெடந்துச்சுங்க வாத்தியாரம்மா. படுத்திருக்கறவங்களை எதுக்கு எழுப்பறதுன்னு நானே மெழுகிட்டேனுங்க."

அவளைக் கோபிக்கவா முடியும்? அவள் போனபின் போர்வைக்குள் அழுதேன். எந்த எண் வரை வந்தேன் என்பதே நினைவில் இல்லை. மலையை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று மனசு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் அவர் கஞ்சி கொண்டுவந்தார். "நீங்களே ஜெயிச்சீங்க, மனுவை எழுதுங்க" என்றேன்.

"இருநூத்தி முப்பத்தி மூணு வரைக்கும் பார்த்துட்டே. அடுத்தது இருநூத்தி முப்பத்தொம்பது" என்றார்.

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"அத்தனை தடவையும் தண்ணி குடிக்கவா வந்தேன்?"

பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றை என் மடியில் வைத்தார். இருநூற்று முப்பத்தொன்பதால் அவரே வகுத்திருந்தார். ஈவு நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. அடியில், மீதி எழுதும் இடத்தில், பூஜ்யம். தப்பாக இருக்குமோ என்று திருப்பிப் பெருக்கிப் பார்த்தேன். ஏழு ஒன்றுகளும் வந்து நின்றன.

"எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாமில்லீங்க?"

"கஞ்சி ஆறுது, குடி" என்றார்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் அந்த மலையில்தான் பிறந்தார்கள்.