B என்றால் பிறேக் என்று நினைத்தேன்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கரவெட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பிள்ளையார் கோயில் வாசல். நாங்கள் வாங்கிய முதல் காருக்குப் பூசை. அதற்கு முன் இருபது வருடம் வாடகைக்கு வான் ஓடியவன் நான். கிளச்சும் கியருமாக இந்தக் குடாநாட்டில் நான் நுழையாத ஒழுங்கை இல்லை. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கார் பழைய ஹைபிரிட். கிளச் கிடையாது. கியர்ப் பொல்லின் பக்கத்தில் ஐந்து ஆங்கில எழுத்துகள். விற்றவர் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தத் தொடங்கினார். P என்றால் நிறுத்தி வைக்க, R பின்னால் எடுக்க, N நியூற்றல், D முன்னால் ஓட. கடைசி எழுத்து B. அதற்கு அவர் வாயெடுக்கும் முன்னமே, "தெரியும் தம்பி, பிறேக்தானே. நான் வான்காரன்" என்று சொல்லிக் கார்த் திறப்பை வாங்கிவிட்டேன். அவரும் சிரித்துவிட்டுக் காசை எண்ணத் தொடங்கிவிட்டார்.

ஐயர் காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார். நான்கு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தாயிற்று. தீபம் காட்டி முடிந்ததும் காரை ஓரடி முன்னால் எடுத்து அவற்றை நசிக்க வேண்டும், அதுதான் வழக்கம். என்னை ஏறி இருந்து ஸ்ராட் பண்ணச் சொன்னார். பண்ணினேன். ஹைபிரிட்டில் சத்தமே வராது. தீபம் முடிந்த கையோடு D-க்குத் தட்டி எடுக்க வசதியாக, பொல்லைப் பக்கத்து எழுத்தான B-யில் போட்டேன். இனி அசையாது என்ற நம்பிக்கையில் பிறேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினேன்.

முன்சில்லுக்கு வைத்த தேசிக்காய் ஒன்று உருண்டுபோனதும், அதை எடுத்து வைக்க என் மனைவி காருக்கு முன்னால் குனிந்ததும் எனக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் மூன்றடியில் கோயில் மதில்.

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. கண்ணைத் திறந்தால், பொனற்றுக்கு மேலே அவளுடைய முகம். அதில் இரத்தமே இல்லை. என் இடது கால் கிளச்சைத் தேடி வெறும் தளத்தை மிதித்தது. ஒரு தரமல்ல, இரண்டு தரம். ஐயர் தட்டைக் கீழே போட்டுவிட்டு அவளின் கையைப் பிடித்து இழுத்தார். கும்பிட வந்து நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் ஓடி வந்து யன்னலுக்குள் தலையை விட்டார்.

"அண்ணை, வலது காலாலை மிதியுங்கோ. வலது கால்."

மிதித்தேன். பம்பர் மதிலில் முட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவில் அவளின் சேலைத் தலைப்பு சிக்கியிருந்தது.

ஓட்டோக்காரர்தான் கையை நீட்டிப் பொல்லை P-க்குத் தள்ளினார். B பிறேக் இல்லையா என்று கேட்டேன்.

"உது நிப்பாட்டுற பிறேக் இல்லை அண்ணை. மலைநாட்டிலை இறக்கத்திலை வரேக்கை வேகத்தைக் குறைக்கத்தான் உது. உதிலை விட்டாலும் கார் ஓடும். எங்கடை பக்கம் இறக்கம் எங்கை கிடக்கு? ஒருத்தரும் உதைத் தொடுறேல்லை."

மனைவி ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கோயில் படியில் குந்தியிருந்து தண்ணீர் குடித்துவிட்டு, மெதுவாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, தெரியாது எண்டு சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அதே காரில்தான் இப்போதும் போய் வருகிறோம். பக்கத்துச் சீற்றில் அவள் ஏறி இருக்கும் ஒவ்வொரு தரமும், ஓர் எழுத்துத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு இவளையே இழக்கப் பார்த்தேனே என்று என் நெஞ்சு பதறுகிறது.