பொட்டு வைத்த பியானோ

“ஏஞ்சாமி, பாட்டுக் கேக்க வந்தியா, கணக்கு டெஸ்டுக்குப் பயந்துட்டு வந்தியா?”

பிரபா டீச்சர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். கைகள் வாசித்துக்கொண்டே இருந்தன. நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் எங்கள் விடுதிப் பள்ளியின் வரவேற்பறையில் ஒரு பெரிய பியானோ உண்டு. அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் பார்க்கட்டும் என்று வாங்கியது. டீச்சரின் மியூசிக் பீரியடைப் பெரும்பாலும் கெமிஸ்ட்ரிக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் தனக்காக வாசிப்பார்.

டீச்சரின் அப்பா லாரிக்கு பாடி கட்டியவர். மகள் சென்னையில் மேற்கத்திய இசை படித்து, பெங்களூர் ஹோட்டல்களில் வாசித்து, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊர் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு சர்ச்சில் ஆர்கன். அதன் கால்கட்டைகளை மிதிக்க மட்டும் மெல்லிய ஷூ ஒன்றைத் துணிக்கடைப் பையில் வைத்திருப்பார். ரோட்டில் தேய்ந்த ரப்பர் செருப்புதான். பஸ்ஸில் நின்றபடியே தூங்குவார். தூக்கத்திலும் கம்பிமேல் விரல்கள் ஓடும்.

போன வருஷம் கோவாவில் ஓர் இசைப் பள்ளி ஆள் தேடியது. வாசிக்கும் வீடியோவை விஜயதசமி சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். “இதுக்கு மேல என்னைய எவன் கூப்புடப் போறான்? இதுவும் போச்சுன்னா இங்கயேதான்” என்றார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. பள்ளி பஸ், ஜெராக்ஸ் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல, ஆயா சாலம்மாள் பியானோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். கட்டைக்கு ஒரு பொட்டு. விஜயதசமி காலையில் பார்த்தால் சந்தனம் இடுக்கில் வழிந்து இறுகியிருந்தது. நடுக்கட்டை ஒன்று அமுக்கினால் எழவில்லை.

“ஒண்ணு உடலீங்க டீச்சர். பூராத்துக்கும் நாந்தானுங்க வெச்சேன்” என்றார் சாலம்மாள், சிரித்துக்கொண்டே.

டீச்சர் கட்டைகளைப் பார்த்தார், சாலம்மாளைப் பார்த்தார். “லட்சணமா இருக்குதுங்க அக்கா.”

ஹேர்பின், ஈரத்துணி, எதற்கும் அது அசையவில்லை. சரிசெய்பவர் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். நேரமில்லை. வீடியோ எடுக்கப் போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்துவிட்டார். இடைவெளி கிடைத்தபோது அந்தக் கட்டையை நகத்தால் தூக்கிவிட்டார். கிடைக்காத இடங்களில் அந்தச் சுரம் இல்லாமலே பாட்டு போனது.

“காரணத்த எழுதிருங்க டீச்சர்” என்றேன்.

“என்னன்னு எழுத? அந்தக்கா பொட்டு வெச்சது தப்புன்னா? போ சாமி.” அப்படியே அனுப்பினார்.

பதில் இன்னும் வரவில்லை. இசைப் பள்ளிப் பக்கம் உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். அவர்களும் இன்னொருவருக்குச் சொல்லட்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்: வீடியோவில் கேட்காத அந்தச் சுரத்துக்கும், அமுங்கியே கிடந்த அந்தக் கட்டைக்கும், ஒவ்வொரு தடவையும் அவர் விரல் நேரத்துக்குப் போனது.