முடி முளைத்தால் மொட்டை

எனக்கு முடி கொட்டத் தொடங்கியபோது தெரிந்தவர்கள் அத்தனை பேரும் டாக்டர்களானார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஹெல்மெட்தான் காரணம் என்றார். அவர் ஹெல்மெட் போடுவதில்லை, அவருக்கும் முடி இல்லை. கோட்டாற்றில் நாட்டு மருந்துக் கடைக்காரர் போர்வெல் தண்ணீர்தான் வில்லன் என்று சொல்லி ஒரு பாட்டில் எண்ணெயைக் கையில் திணித்தார். சித்தப்பா மட்டும் பெரிய மனுஷத் தோரணையில், "எல்லாம் டென்ஷனாக்கும் மக்கா. மனச லேசா வச்சுக்கோ, தானா நிக்கும்" என்றார். மனதை லேசாக வைத்துக்கொள் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொன்ன அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டியது.

பகலெல்லாம் மின்வெட்டு இருந்த வருஷங்கள் அவை. எனக்கு முப்பத்திரண்டு வயது, அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை, வீட்டில் அப்பா, அம்மா, கொஞ்சம் வயல். தரகர் என் பழைய போட்டோவைக் காட்டி ஜாதகத்தைப் பொருத்திக்கொண்டு வருவார். பெண் பார்க்கப் போவோம். நேந்திரங்காய் சிப்ஸும் காப்பியும் தருவார்கள். பெண்ணின் சித்தி என் நெற்றியைப் பார்ப்பாள், அது எங்கே முடிகிறது என்று தேடுவாள். மறுநாள், நேற்றுவரை பொருந்தியிருந்த ஜாதகம் பொருந்தாமல் போய்விடும். ஆறு வீட்டில் கிரகங்கள் இப்படி ஒரே ராத்திரியில் இடம் மாறின. முகத்துக்கு நேராக வழுக்கை என்று சொல்ல ஒருவருக்கும் துப்பில்லை. ஒவ்வொரு வீட்டுக்குப் போய் வந்த பிறகும் சீப்பில் முடி அதிகமாக வந்தது. கொட்டுகிறதே என்று கவலைப்பட்டேன், கவலைப்பட்டதால் கொட்டியது.

கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போய் முடி நட்டுக்கொண்டேன். பின்னந்தலையிலிருந்து வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நட்டார்கள். நாற்றைப் பறித்து நடுகிற மாதிரிதான். தலை நிறையச் செம்புள்ளியோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அப்பா, "நடவு செரி, களை எப்ப பறிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அதையே இரண்டு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நட்ட முடி மூன்று நாலு வாரத்தில் உதிரும், வேர் உள்ளே இருக்கும், சில மாதம் கழித்து முளைக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எழுதியும் கொடுத்திருந்தார். நான் பட்டம் வாங்கியவன். அந்தத் தாளைப் பத்து தடவை படித்தேன். ஆனாலும் தலையணையில் முதல் முடியைப் பார்த்ததும் அதைத் தேடி எடுத்துப் பதினோராவது தடவை படித்தேன். தினமும் காலையில் தலையணையிலிருந்து முடிகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வைத்தேன். அப்படி ஒரு நாள் பொறுக்கிக்கொண்டிருந்ததை அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

ஆறாவது மாதம் முடி வந்தது. காடு என்று சொல்ல முடியாது, ஆனால் சீப்பு வைக்க இடம் கிடைத்தது. தோவாளைப் பக்கம் ஒரு பெண் வீட்டில் ஜாதகம் மறுநாளும் பொருந்தியிருந்தது. நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்.

"மக்கா, திருச்செந்தூருக்கு ஒரு நேர்ச்சை கெடக்கு. கல்யாணத்துக்கு முன்ன முடிச்சிரணும்."

"என்ன நேர்ச்சை?"

"உனக்கு முடி முளைச்சா மொட்டை போடுகதா நேந்தேன்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். முடி வேண்டும் என்று கேட்டு, கொடுத்தால் அந்த முடியையே திருப்பித் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த மூளை வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டாலும் மொட்டை, பரீட்சையில் தேறினாலும் மொட்டை. வாய் தானாகவே அந்த வார்த்தைக்குப் போய்விடுகிறது. என்ன கேட்கிறோம், என்ன கொடுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை.

கையைக் கழுவாமல் கத்தினேன். கல்யாணப் போட்டோவில் மொட்டையோடு நிற்கவா என்றேன். பிறகு போய்க்கொள்ளலாம் என்றேன். "பொறவு வச்சா உனக்கு ஏதாவது வந்திரும் மக்கா" என்று அவள் பயந்தாள். மறுநாள் டாக்டருக்குப் போன் செய்தேன். தாராளமாக மழிக்கலாம், வேருக்கு ஒன்றும் ஆகாது, அப்படியே திரும்ப வளரும் என்றார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. மழித்தால் எல்லாம் போய்விடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அம்மா அழுதாள். சாமியிடம் சொன்ன வாக்கை என்ன செய்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

"நேந்தது நீதானே. நீயே போய்க் குடு."

நக்கலாகத்தான் சொன்னேன். ஆனால் அம்மாவுக்கு நக்கல் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் விட்டு வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது, அல்லது முடி இல்லாததால் அப்படித் தெரிந்தது. பக்கத்தில் அப்பா பஸ்ஸில் வந்த களைப்போடு நின்றார். வாய் ஓயாமல் களையெடுப்பு பேசிய மனிதர் என்னைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மாதான் சிரித்தாள். "தீந்துது மக்கா. இனி உனக்கு ஒரு கொறையும் வராது" என்று இலையில் விபூதியை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

கல்யாணத்தன்று பெண் வீட்டுக்காரர்கள் வந்திருந்த பெண்களுக்கெல்லாம் பிச்சிப்பூ கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கென்று தனியாக அடர்த்தியாகக் கட்டிய சரம் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்த பெண், அம்மா முந்தானையால் மூடியிருந்த தலையைப் பார்த்துவிட்டுப் பூவோடு நின்றாள். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். போட்டோக்காரன், "அம்மா கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றான். எனக்கும் கேட்டது. தலைமுடி கலையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழிந்து குளிக்கும்போது கொத்தாக வந்தது. நட்ட முடி, நடாத முடி என்ற பேதமில்லை, தலை முழுக்கக் கொட்டியது. கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் தலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது மனஅழுத்தத்தில் உதிர்வது என்றார். மனதில் அடி விழுந்தால் அன்றைக்கே உதிராதாம், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிருமாம். "அந்தச் சமயத்தில் வீட்டில் ஏதாவது நடந்ததா? சாவு, சண்டை, அதிர்ச்சி?" என்று கேட்டார்.

"கல்யாணம்தான் நடந்தது சார்" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். கவலைப்படாமல் இருங்கள், தானாக வளர்ந்துவிடும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா காத்திருந்தாள். அவளுக்கு இரண்டு விரல் அகலத்துக்கு நரைமுடி வந்திருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தானாக வளரும் என்றேன். அவளைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள்.

"பயப்படாத மக்கா. காலையிலேயே நேந்தாச்சு" என்றாள். "இந்த மட்டம் உனக்க முடியச் சொல்லல்ல. எனக்குள்ளதத்தான் சொல்லியிருக்கேன்."