முழங்கால் அளவுத் தண்ணீர்

எட்டு மாதத்தில் இருபத்து மூன்று பேர் எங்கள் சிட்லபாக்கம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள், போனார்கள். என் மனைவி காமுவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போயிருந்தது. பெருங்களத்தூரில் மகள் வீட்டுக்கு எதிர்வாசல் ஃபிளாட் விலைக்கு இருந்தது. ஆவணி முடியும்வரைதான் காத்திருப்பேன் என்று அதன் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இது விற்றால்தான் அது.

ஆடி பிறந்ததும் நம்பிக்கை போய்விட்டது. அப்போதுதான் புரோக்கர் ஜெயக்கொடி வந்தாள். அவள் அப்பா உழுத நிலத்தில்தான் எங்கள் நகரே எழும்பியிருக்கிறது. மற்ற புரோக்கர்கள் ஈ ஓட்டும் வீட்டை மூன்றே வாரத்தில் முடிப்பவள் என்றார்கள். நான் நம்பவில்லை.

"ஆடியில எவன்மா வீடு வாங்குவான்?" என்றேன்.

"வாங்க மாட்டான் சார், பாப்பான். ஆடியில அலைஞ்சு பாக்கறவன்தான் ஆவணில கையெழுத்து போடுவான். மத்தவன்லாம் காபி குடிக்க வர்றவன்."

பிறகு ஹாலில் குனிந்து சுவரைத் தடவினாள். "ரெண்டாயிரத்து பதினஞ்சு வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

"ஒரு சொட்டு வரலையே," என்றேன், வழக்கம்போல.

"எங்கப்பன் வயலு சார் இது. தண்ணி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? முழங்காலு. நீங்க பெயின்ட் அடிச்சு மறைச்சுகினு கீறீங்க. தெருமுனையில இஸ்திரி போடறவரு வீடு பாக்க வர்றவங்க கிட்ட இடுப்பளவுன்னு சொல்லிகினு கீறாரு. யார நம்புவாங்க?"

சொல்லிக்கொண்டே பென்சிலால் என் புதுப் பெயின்ட் மேல் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு இழுத்து, வெள்ளம் வந்த தேதியும் எழுதினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை வெளியே போகச் சொல்லியிருப்பேன். வேறு கதி இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தினகரன், கீதா என்று ஒரு தம்பதியை அழைத்து வந்தாள். பதினாலு வீடு பார்த்து, எல்லா வீட்டிலும் 'ஒரு சொட்டு வரலை' என்றே கேட்டுச் சலித்தவர்கள். நேராகக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். அதோடு விடாமல் உள் அறைக் கதவைத் திறந்து காமுவைக் கைபிடித்து அழைத்து வந்தாள். யார் வீடு பார்க்க வந்தாலும் காமுவை நான் அங்கேதான் உட்கார வைப்பேன். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அம்மா, அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

காமு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். தண்ணீர் ஏறியது, நாங்கள் மொட்டைமாடியில் இரண்டு நாள் இருந்தது, மூன்றாம் நாள் வடிந்தது, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியது, அதன் பிறகு தண்ணீர் ஒருமுறைகூட வாசல்படி தாண்டாதது. கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் குறுக்கே பேசவில்லை. இதையா நான் எட்டு மாதம் பூட்டி வைத்திருந்தேன் என்று மலைத்துப்போய் நின்றேன். அந்த மலைப்பு இன்னும் எனக்கு அடங்கவில்லை.

கீதா கணவனைப் பார்த்து, "இந்த வீடுதாங்க," என்றாள். ஆவணி முதல் வாரத்தில் கையெழுத்தாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போன பிறகு, "இவ்வளவு நேரம் உன்னால பேச முடியுமா காமு?" என்று கேட்டேன்.

"கதவைச் சாத்திட்டா... யார்கிட்ட... பேசறது?" என்றாள்.